மூணு கட்டம்

யார் கொட்டாவி விட்டாலும் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போடும். ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் ஒருமுறை, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். அக்கா சீட்டை விட்டு எழுந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, வேர்க்கிறதா, காது அடைக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். விடியற்காலை நாலு மணிக்கு டியூட்டி ஏறினேன்மா, ஒரு கொட்டாவிகூட விடக்கூடாதா என்று அந்த ஆள் கெஞ்சினார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, இந்த அம்மாளை எனக்குத் தெரியவே தெரியாது என்பதுபோல் உட்கார்ந்துகொண்டேன்.

சிரித்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அக்கா எங்கே வேலை பார்க்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. வேலூரில் ஒரு மருத்துவமனையில், இதயத்து ரத்தக்குழாய்க்குள் மெல்லிய டியூப் விட்டு அடைப்பைப் பார்க்கிற பிரிவில் அவர் சீனியர் நர்ஸ். பக்கத்து அறையில் ஈசிஜி எடுக்கிறவன் நான்; கூடப் பிறந்தவர் இல்லை, அங்கே எல்லோருக்கும் அவர் அக்காதான். ஆஞ்சியோ மேஜையில் படுத்திருக்கிற ஆள் முழித்துக்கொண்டுதான் இருப்பார். டியூபை உள்ளே விடும்போதோ, முடிந்தபின் உருவி எடுத்து அந்த இடத்தை அழுத்திப் பிடிக்கும்போதோ, சிலருக்கு நரம்பு மிரண்டுபோய் இதயத்தைப் பிடித்து இழுத்துவிடும். எழுபதில் ஓடிக்கொண்டிருந்த நாடி முப்பதுக்கு வந்துவிடும். முகம் சாம்பலாகிவிடும். மானிட்டர் கத்துவதற்கு முன்பே பல பேருக்கு ஒரு கொட்டாவி வரும். அக்கா அந்தக் கொட்டாவிக்காகத்தான் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். வந்த உடனே காலைத் தூக்கிப் பிடித்து, ஊசியை ஏற்றிவிடுவார்.

"உடம்பு முன்னாடியே சொல்லிடும்டா. கேக்கற ஆளு பக்கத்துல இருக்கணும், அவ்ளோதான்" என்பார். இதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கேட்டிருப்பேன். சலித்துப்போய், உங்களுக்குக் கேட்குது, எங்களுக்குக் காது அடைச்சிருக்கு என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

மேல்விஷாரத்திலிருந்து ஒரு பாய் வந்திருந்தார். தோல் பதனிடும் ஷெட்டில் முப்பது வருஷம் மேஸ்திரி. ஆள் மலைபோல இருப்பார். டியூபை உருவிக்கொண்டிருந்தபோது, "பேஜாரா கீதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். டாக்டர் திருநெல்வேலிக்காரர், வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆளுக்குப் படுத்துப் படுத்து அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, இன்னும் அஞ்சே நிமிஷம்தான் ஐயா, பொறுத்துக்கோங்க என்று சிரித்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா பாயின் காலைத் தூக்கிவிட்டார். நாடி முப்பத்திரண்டில் இருந்தது. எல்லாம் சரியான பிறகு அக்கா டாக்டரிடம், "சார், எங்க ஊரு ஆம்பள நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லமாட்டான், மயக்கமா வருதுன்னு சொல்லமாட்டான். பேஜாரா கீதுன்னு சொன்னான்னா ஊசிய எடுத்துடுங்க" என்றார். அந்த டாக்டர் ஊரை விட்டுப் போகும்வரை அதை மறக்கவில்லை.

இதெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அக்காவிடம் ஒரு பயம் இருந்தது. மானிட்டர் ஒரே சீராக அடித்தால் எங்களுக்கெல்லாம் நிம்மதி, அக்காவுக்கு மட்டும் ஆகாது. வெளியே காத்திருக்கும் குடும்பத்திடம் யாராவது "ஸ்டெடியா இருக்கார்" என்று சொல்லிவிட்டால், சொன்னவரைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுவார். நல்ல இதயம் கடிகாரம் மாதிரி அடிக்காது. மூச்சை இழுத்தால் கொஞ்சம் வேகமாகும், விட்டால் கொஞ்சம் தாமதிக்கும். மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற நரம்பு உயிரோடு இருப்பதற்கு அதுதான் அடையாளம். வருஷக்கணக்காகச் சர்க்கரை இருக்கிறவர்களுக்கு அந்த நரம்பு அரித்துப்போய்விடும். அப்புறம் படுத்தாலும் ஓடினாலும் அழுதாலும் ஒரே அடிதான். அப்படி ஒரு பேஷண்ட் வந்தால் அக்கா, "உள்ள ஆள் இல்லடா" என்று என் காதில் சொல்லிவிட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் தானே பிரஷர் பார்ப்பார். அந்த மாதிரி ஆளுக்கு உள்ளே ரத்தம் கசிந்தால்கூட நாடி ஏறாது, கொட்டாவி வராது, உடம்பு ஒன்றும் சொல்லாது. அன்றைக்கு அக்கா சாப்பிடக்கூடப் போகமாட்டார்.

எந்த ஈசிஜி வந்தாலும் என்னிடம் நீட்டி, "படி" என்பார், வாத்தியார் பையனைக் கேட்பதுபோல. எனக்கு எரிச்சலாக வரும். உங்களுக்குக் கண் இல்லையா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். உனக்குச் சம்பளம் எதுக்குக் குடுக்கறாங்க என்று திருப்பிக் கொடுத்தார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்குள் வந்தவர் கதவைத் தாழ் போட்டார். கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு, எடு என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். பதினாலு வருஷமாகத் தனக்குச் சர்க்கரை என்று அப்போதுதான் சொன்னார். அஞ்சு எண்ணும்வரை மூச்சை இழுத்து, அஞ்சு எண்ணும்வரை விட வேண்டும். ஒரு நிமிஷம் கட்டம் போட்ட காகிதம் ஓடும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே எத்தனை சின்னக் கட்டம் என்று எண்ணி, நீளமானதில் குட்டையானதைக் கழிக்க வேண்டும். என்னைப்போன்றவனுக்கு நாலு, அஞ்சு கட்டம் வித்தியாசம் வரும். அக்காவுக்கு அரைக் கட்டம்கூட வரவில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் சம இடைவெளியில் நின்றன எல்லாத் துடிப்புகளும்.

காகிதத்தை அவரிடமே கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கட்டம் கண்ணுக்குப் புடிக்கலடா. நீயே சொல்லு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இரண்டு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டிருந்திருக்கிறது. விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. அதனால்தான் எல்லோரையும் புறங்கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். பாசத்தில் செய்கிறார் என்று பேஷண்டுகள் உருகிப்போனார்கள், நானும்தான். மானிட்டரை நம்பாமல் வாயையும் முகத்தையும் குரலையும் கவனித்ததற்கும் அதுதான் காரணம். வெளியே சொன்னால் வேலை போய்விடும். வீட்டுக்காரர் ஆம்பூர் ஷூ பாக்டரியில் தோல் வெட்டுகிற வேலையில் இருந்தார். ஆர்டர் கம்மி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கூப்பிட்டார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்னை ஏன் இதில் இழுத்தீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அடுத்த வாரம் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டார். வலி இல்லை, மூச்சுதான் வாங்கியது. பெரிய டாக்டர் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, உடனே ஆஞ்சியோ செய்ய வேண்டும், அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்றார். அக்கா முடியாது என்றுவிட்டார். ஆயிரம் பேரை, பல்லுப் பிடுங்குற மாதிரிதான் என்று சமாதானம் சொல்லிப் படுக்கவைத்தவர், தான் படுக்கமாட்டேன் என்றார். நாங்கள் எல்லோரும் மாறி மாறித் திட்டினோம். கடைசியில் என்னிடம் மட்டும் காரணத்தைச் சொன்னார்.

"எனக்குச் சாகறதுக்குப் பயம் இல்லடா. மேஜையில படுத்தா என் உடம்பு ஒண்ணுமே சொல்லாது. சொல்லாத ஆள யாரு கேட்டுப் பாத்துக்குவீங்க? நான்தானே பாத்துக்குவேன், நான் படுத்துக்கினு இருப்பேனே."

அவரே ஒரு கணக்குச் சொன்னார். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, நடந்து, மருந்து சாப்பிட்டால் நரம்பு கொஞ்சமாவது திரும்பும். மூணு கட்டம் வரட்டும், அன்றைக்கே படுத்துக்கொள்கிறேன் என்றார். கண் விஷயத்தை மட்டும் மறைத்து, இந்தக் கணக்கைச் சொல்லி டாக்டரிடம் அழுது கெஞ்சி நாள் வாங்கினார்.

அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. தினமும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து ஆம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவர், பிரியாணியின் பேரைக்கூட எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கெல்லாம் கேக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் வெள்ளரிக்காய் தின்றார். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை என் அறைக்கு வந்து கதவைத் தாழ் போட்டுப் படுப்பார். என் மெஷினுக்குச் சத்தம் கிடையாது, காகிதம் ஓடுவது மட்டும்தான். கூரையைப் பார்த்தபடி மூச்சை இழுத்து இழுத்து விடுவார். முடிந்ததும் "எவ்ளோ?" என்பார். அரை என்பேன். அடுத்த மாதமும் அரை. பரவால்ல, கம்மியாகலையே என்று சிரித்துக்கொண்டு எழுந்து புடவையைச் சரிசெய்துகொள்வார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருப்பேன். செத்துப்போன நரம்பு ஸ்டேஷனில் நடந்தால் எழுந்து வருமா? அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், என்னைவிட நன்றாகவே.

ஆறாவது செவ்வாய்க்கிழமை வந்தபோது உதடு நீலமாக இருந்தது. கட்டிலில் ஏறுவதற்கே இரண்டு தடவை நின்றார். இப்படியே விட்டால் பிளாட்பாரத்திலேயே ஒருநாள் விழுந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. காகிதம் ஓடி முடிந்தது. எப்போதும்போல அரைதான்.

"எவ்ளோ?"

"மூணு" என்றேன்.

திரும்ப எண்ணச் சொன்னார். திரும்ப எண்ணுவதுபோல் பேனாவை நகர்த்தி, "மூணு, கொஞ்சம் கூடவே வருதுக்கா" என்றேன். அவர் என் தலையில் கையை வைத்தார். உள்ளங்கையை வைத்தார். கைகழுவும் இடத்துக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த வாரமே தேதி போடச் சொல்லு என்றார். நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன். அந்தக் காகிதத்தைக் கிழித்து வாலாஜாபேட்டை வருவதற்குள் பஸ் ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டேன்.

மூணு கட்டம் வந்துவிட்டது என்று அக்கா கேன்டீன்வரை சொல்லி வைத்திருந்தார். எல்லோரும் வந்து கைகொடுத்தார்கள். அதனால்தான் வார்டில் இருந்த சின்ன நர்ஸிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. இவருக்கு நாடியை நம்பாதே, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் பிரஷர் பார் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால், அப்போ அந்த மூணு என்று கேட்பாள். அக்கா காதுக்குப் போகும், மேஜையிலிருந்து எழுந்துவிடுவார். முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

கை ரத்தக்குழாய் சின்னதாக இருந்ததால் தொடை வழியாக டியூப் விட்டார்கள். இரண்டு அடைப்பு இருந்தது, ஒன்றுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. டியூபை உருவி, அழுத்திப் பிடித்து, கட்டுப் போட்டு, பதினோரு மணிக்கெல்லாம் வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காலை நீட்டியபடி அசையாமல் படுத்திருக்க வேண்டும். மத்தியானம் முதுகு பிடித்துக்கொள்கிறது என்றாராம். மல்லாக்கப் படுத்திருக்கிற எல்லோரும் சொல்வதுதானே. சின்ன நர்ஸ் இடுப்புக்கு ஒரு துணியைச் சுருட்டிவைத்தாள். நாடியைப் பார்த்தாள். எண்பத்துநாலு. எழுதிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு நான் போனேன். மானிட்டரைப் பார்த்தேன். எண்பத்துநாலு. என் மனதில் ஒரு நிம்மதி வந்தது. அந்த மருத்துவமனையில் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். எனக்கே நிம்மதி வந்தது.

"எவ்ளோடா?" என்றார் அக்கா. கண்ணைத் திறக்கவில்லை.

"எண்பத்துநாலுக்கா. நல்லா கீது."

"காத்தால?"

சார்ட்டைப் பார்த்து, அதே எண்பத்துநாலு என்றேன்.

"டியூப் எடுக்கச்சொல்லோ?"

எண்பத்துநாலு. டியூப் உருவும்போதும் அதேதான் என்று சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. அக்கா கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். கட்டம் பிடிக்காத அந்தக் கண்ணுக்கு என் முகம் பிடித்திருக்க வேண்டும். திட்டவில்லை. மூணு கட்டம் எங்கே என்று கேட்கவில்லை. "போய் பிரஷர் பாக்கச் சொல்லு" என்றார், ஏதோ வேறு பேஷண்டைப் பற்றிச் சொல்வதுபோல.

பிரஷர் அறுபதில் இருந்தது. அதற்கப்புறம் ஓடாத ஆள் இல்லை. தொடையில் டியூப் விட்ட இடத்திலிருந்து ரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குப் பின்னால், முதுகுப் பக்கமாக, மணிக்கணக்காகக் கசிந்து தேங்கியிருந்தது. ரத்தம் ஏற்ற ஏற்ற பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனபோது நான் ஸ்ட்ரெச்சரின் கால்பக்கம் பிடித்திருந்தேன். தலைப்பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு முடிந்துவிட்டது.

இவ்வளவு ரத்தம் போயும் நாடி ஏன் ஏறவில்லை என்று பெரிய டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீதானே மாசாமாசம் எடுத்தே, கடைசியில் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார். மூணு கட்டம் வந்துச்சு சார் என்றேன். அப்படியானால் இதயத்துக்குக் கொடுத்த மாத்திரைதான் நாடியை ஏறவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது என்று எழுதிக்கொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படுக்கவைக்காமல் விட்டிருந்தால் அந்த மாதமே போயிருப்பார் என்று எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டாயிற்று. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்லிப் படுக்கவைத்திருந்தால், தன் உடம்பு பேசாது என்று தெரிந்துகொண்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் பிரஷர் பார்க்கச் சொல்லிவிட்டுப் படுத்திருப்பார். அந்த ஒரு வழியையும் நான் அடைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர். தோல் வெட்டி வெட்டிக் கட்டைவிரல் ஒருபக்கமாக வளைந்திருக்கும். அறை வாசலிலேயே நின்றுகொண்டு, அந்த மூணு கட்டம் வந்த காகிதம் இருக்கிறதா என்று கேட்டார்.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்து கேசரி கிண்டினா தம்பி. அவ ஒரு வாய் துன்னல, எங்களுக்குத்தான். கல்யாணம் ஆனதுலர்ந்து அவ அப்டி சிரிச்சு நான் பாக்கல. அந்தக் காயிதம் வூட்ல இருந்தா நல்லா இருக்கும்."

தேடி எடுக்கிறேன், கேன்டீனில் டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள் மாமா என்றேன். கதவைத் தாழ் போட்டேன். சட்டையைக் கழற்றி, கைகளிலும் கால்களிலும் கிளிப் மாட்டிக்கொண்டு, நெஞ்சிலும் வரிசையாக ஒட்டிக்கொண்டு அந்தக் கட்டிலில் படுத்தேன். அஞ்சு எண்ணி இழுத்தேன், அஞ்சு எண்ணி விட்டேன். எடுத்து எண்ணினால் அஞ்சு கட்டம். அவ்வளவு ஆரோக்கியமாக இருந்தேன். மூச்சைக் குறைத்து இன்னொன்று எடுத்தேன், நாலு வந்தது. இன்னும் குறைத்து, கள்ளமூச்சு விட்டு எடுத்ததில் சரியாக மூணு. அக்கா பேரையும் வயதையும் எழுதினேன். பெண் என்று எழுதினேன்.

மாமா அதைக் கட்டம் கட்டமாக வளைந்த விரலால் தொட்டு எண்ணினார். லேமினேட் செய்துகொள்ளவா என்றார். வேண்டாம், சூடு பட்டால் இந்தக் காகிதம் கறுத்துவிடும், வெயில் படாமல் வைத்தாலும் சில வருஷத்தில் எழுத்து மங்கிவிடும் என்றேன். மங்கினால் இன்னொரு காப்பி எடுத்துத் தருவாயா என்று கேட்டார். தருகிறேன் மாமா என்றேன். வேறு என்ன சொல்ல?

இத்தனை வருஷம் கழித்துப் போன வாரம் மாமா வந்திருந்தார். காகிதம் வெளுத்து, கோடு இருக்குமிடமே தெரியவில்லை. வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கதவைத் தாழ் போட்டுப் படுத்தேன். எனக்கும் சர்க்கரை வந்து சில வருஷம் ஆகிறது. மாத்திரை போடுகிறேன், அவ்வளவுதான், வேறு எதையும் நான் பார்த்துக்கொண்டதில்லை. அஞ்சு எண்ணி இழுத்து அஞ்சு எண்ணி விட்டேன். எண்ணிப் பார்த்தேன், இரண்டு. விலா வலிக்க வலிக்க இழுத்து மறுபடி எடுத்தேன். இரண்டைத் தாண்டவில்லை. எவ்வளவு என்று கேட்டால் மூணு என்று எனக்குச் சொல்ல அறையில் யாரும் இல்லை.

"ஆச்சா தம்பி?" என்று மாமா வெளியே இருந்து கேட்டார்.